வீடு வாங்குபவரும் விற்பவரும் பத்திரப் பதிவுக்கு முன்னால் சந்திக்கலாமா? மதுரை வட்டாரத்துக்கான கேள்வி பதில்கள்

மதுரையில் வீடு கைமாறுவது பெரும்பாலும் புரோக்கர் வழியாகத்தான். வீட்டைக் காட்டியவர் அவர், விலை பேசியவர் அவர், வாட்ஸ்அப்பில் பத்திர ஜெராக்ஸ் அனுப்பியவரும் அவரே. வீட்டுக்காரரை முதன்முதலாகப் பார்ப்பது சார்பதிவாளர் அலுவலக வராண்டாவில், டோக்கன் கூப்பிடக் காத்திருக்கும்போது. போட்டோவுக்கும் கைரேகைக்கும் அங்கே இரு தரப்பும் வந்துதான் ஆக வேண்டும். அதனால் சந்திப்பு எப்படியும் நடக்கும். அட்வான்ஸுக்கு முன்பா, பணமெல்லாம் கைமாறும் நாளிலா என்பதுதான் பேச வேண்டியது. முன்பே நடக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏன், எப்படி, எதில் ஜாக்கிரதை என்பவை கீழே.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாகிவிட்டது. வக்கீலும் சரி என்கிறார். பிறகு நேரில் பார்த்து என்ன ஆகப் போகிறது?

வில்லங்கச் சான்றில், அதாவது இ.சி.யில், வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. பதிவாகாமல் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பவை பல. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்த ஒத்தி, வாய்மொழியாக முடித்துக்கொண்ட பாகப் பிரிவினை, பீரோவில் இருக்கும் பதிவு செய்யாத உயில், அசல் பத்திரத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கிய கைமாத்து, பக்கத்து வீட்டோடு பாதைத் தகராறு. இவற்றில் எதுவும் 30 வருட இ.சி.யில் தெரியாது. வக்கீல் தன் மேசைக்கு வந்த காகிதத்தைத்தான் படிக்க முடியும்.

1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவரே சொல்ல வேண்டும் என்கிறது. சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் தரவேண்டும் என்றும் சொல்கிறது. பதில் கிடைக்க நீங்கள் கேட்க வேண்டும். புரோக்கரிடம் கேட்டால் வருவது புரோக்கரின் பதில்.

எத்தனை தடவை சந்திக்க வேண்டும்?

மூன்று தடவை. இ.சி. பார்த்தபின் வீட்டில் ஒரு தடவை. அசல் ஆவணங்களோடு வக்கீல் அலுவலகத்தில் ஒரு தடவை. இந்த இரண்டும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே முடிய வேண்டும். மூன்றாவது, பதிவுக்கு முந்தின நாள் மறுபடி வீட்டில். “பிடிச்சுப் போச்சுன்னா ஒரு டோக்கன் போட்டுட்டுப் போங்க, வேற பார்ட்டி வருது” என்று அவசரப்படுத்துவார்கள். முதல் இரண்டும் முடியாமல் பத்தாயிரம் கூடக் கொடுக்காதீர்கள்.

புரோக்கர் சந்திக்க விடமாட்டேன் என்கிறாரே?

அதில் ஒரு நியாயமான பயமும் உண்டு, நியாயமில்லாத காரணமும் உண்டு. இரு தரப்பும் பேசிக்கொண்டு தன் கமிஷனை வெட்டிவிடுவார்கள் என்பது பயம். அப்படி வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது தவறு. அலைந்து திரிந்து காட்டியவருக்குப் பேசிய கமிஷன் சேர வேண்டும். ஒரு சதவீதமா இரண்டா, யார் தருவது, எந்த நாளில் என்பதைச் சந்திப்புக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பாதிப் புரோக்கர்கள் அதோடு சம்மதித்துவிடுவார்கள்.

இன்னொரு காரணம் ‘மேல் வைப்பது’. வீட்டுக்காரர் 52 லட்சம் சொல்லியிருப்பார், உங்களிடம் 55 என்று வந்திருக்கும். கமிஷன் தாளைக் கொடுத்த பிறகும் “ஓனர் யாரையும் பார்க்க மாட்டார்” என்றால் நடுவில் ஏதோ தொகை நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இது விற்பவருக்கும் நஷ்டம்தான். மேலே வைத்த தொகையால் எத்தனை பேர் விலகிப் போனார்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

வீட்டில் நடக்கும் சந்திப்பில் என்ன பார்ப்பது, என்ன கேட்பது?

பகலில் போங்கள். 50 அடி டேப் ஒன்றும் பத்திர ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும். வீட்டில் இப்போது குடியிருப்பவரும் கூட இருந்தால் நல்லது. வீட்டின் குணம் அவருக்குத்தான் தெரியும்.

முதலில் தண்ணீர். மதுரையில் வீட்டின் பாதி மதிப்பு அதில் இருக்கிறது. போர் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, சித்திரை வைகாசியில் எத்தனை நாள் காற்று வாங்கியது என்று கேளுங்கள். மோட்டாரைப் போடச் சொல்லி இருபது நிமிடம் ஓடவிட்டு, வரத்து குறைகிறதா, கலங்கி வருகிறதா என்று நின்று பாருங்கள். இரண்டு நிமிடம் எல்லா போரும் கொட்டும், பதினைந்தாவது நிமிடத்தில்தான் உண்மை தெரியும். மாநகராட்சிக் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், தரைமட்டத் தொட்டிக்குத் தானாக ஏறுகிறதா என்று கேளுங்கள். அதையே பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து கழிவுநீர். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டு என்றால் அதற்குக் கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் செப்டிக் டேங்க் எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். போர்டிகோவில் கார் நிற்கும் இடத்துக்கு அடியில் டேங்கைப் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டி மூடிய வீடுகள் உண்டு. நிரம்பும் நாளில் டைல்ஸை உடைத்தால்தான் லாரிக் குழாய் உள்ளே போகும்.

பிறகு அளவு. பத்திரத்தில் கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி என்றால் 1,200 சதுர அடி, சுமார் 2.75 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. டேப் வைத்தால் 29-க்கு 39 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1,131 சதுர அடி, 69 சதுர அடி குறைவு. சதுர அடி 3,000 ரூபாய் என்றால் 2,07,000 ரூபாய் காற்றில் போகிறது. சுவரின் எந்தப் பக்கம்வரை அளக்கிறீர்கள் என்பதே அரை அடியை மாற்றும். அதனால் விற்பவரும் டேப்பின் மறுமுனையைப் பிடிக்கட்டும். நான்கு மாலையும், அதாவது நான்கு பக்க எல்லையையும், சொல்லச் சொல்லுங்கள்: கிழக்கே யார், மேற்கே என்ன, பொதுச் சுவர் எது, எந்தச் சுவரில் யாருடைய உத்திரம் இறங்கியிருக்கிறது.

கடைசியாக மழை. சொக்கிகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், ஊமச்சிகுளம், உலகனேரி என்று ஊர்ப் பெயர்களே பழைய நீர்நிலைகளைச் சொல்லும் நகரம் இது. அங்கெல்லாம் வீடு வாங்கக் கூடாது என்று அர்த்தமில்லை. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. “அந்த மழைக்கு எங்கே வரை வந்துச்சு?” என்று நாள் சொல்லிக் கேளுங்கள். தேதி சொல்லிக் கேட்டால் மழுப்புவது கடினம். தரையிலிருந்து இரண்டடி உயரம் மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் கையை வைத்துப் பாருங்கள். பூச்சு உப்பிப் பொரிந்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

வீட்டில் ஒத்திக்கு ஆள் இருக்கிறார். விற்பவர் “அதை நான் பார்த்துக்கிறேன்” என்கிறார். நம்பலாமா?

மதுரை வட்டாரத்தில் ஒரு சந்திப்பின் மிகப் பெரிய பயன் இங்கேதான். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருடம் குடிவைத்து, போகும்போது தொகையைத் திருப்பிக் கொடுப்பது ஒத்தி. பெரும்பாலும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்வதோடு சரி, பதிவு செய்வதில்லை. இ.சி. சுத்தமாக வரும், வீட்டுக்குள்ளே ஐந்து லட்சம் உட்கார்ந்திருக்கும்.

ஒரு சொத்தில் யார் குடியிருக்கிறாரோ அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். “எனக்குத் தெரியாது” என்று பிறகு சொல்ல முடியாது. வீட்டுக்காரர், ஒத்திக்காரர், நீங்கள், மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். “ஐயா, நீங்க ஒத்தியா வாடகையா? எவ்வளவு கொடுத்திருக்கீங்க? கெடு எப்ப முடியுது?” என்று வீட்டுக்காரர் முன்னாலேயே கேளுங்கள். ஸ்டாம்ப் பேப்பரைப் பார்த்து தொகை, தேதி, கெடு குறித்துக்கொள்ளுங்கள்.

பத்திரமான வழி ஒன்றுதான். ஒத்தித் தொகையைக் கிரயப் பணத்திலிருந்து பிரித்து, ஒத்திக்காரர் பெயருக்கே வங்கி வழியாகக் கொடுப்பது, வீட்டைக் காலி செய்து தொகையைப் பெற்றுக்கொண்டதாக அவரிடம் எழுதி வாங்குவது. இதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். விற்பவர் முழுத் தொகையையும் வாங்கி அதில் ஒத்தியை அடைப்பார் என்று விட்டுவிட்டால், அடைக்காத நாளில் ஒத்திக்காரர் நிற்பது உங்கள் வாசலில்.

அசல் ஆவணங்களைப் பார்க்கும் சந்திப்பில் என்ன நடக்க வேண்டும்?

தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை வரிசையாக மேசையில் வையுங்கள். அசலில் சார்பதிவாளர் முத்திரையும், ஆவண எண்ணும் வருடமும், இரு தரப்பின் கையெழுத்தும் இருக்கும். அலுவலகம் தந்த சான்றிட்ட நகலில் ‘நகல்’ என்றே இருக்கும். கலர் ஜெராக்ஸைக் கண்டுபிடிக்கத் தாளைத் திருப்பிப் பாருங்கள், பழைய முத்திரை மையும் பேனா அழுத்தமும் பின்பக்கம் தெரியும். பட்டா, நகரளவைப் பதிவேட்டு நகல், புலப்படம், வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றில் சர்வே எண்ணும் பெயரும் பத்திரத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாதது என்றால் வரன்முறை உத்தரவை, அதாவது பின்னால் அதை முறைப்படுத்திய உத்தரவை, கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்குத்தான் அந்த வரன்முறை திட்டம் வந்தது. கோயில் நிலமா என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மதுரையைச் சுற்றி அது அபூர்வமான கேள்வி இல்லை.

ஆவணத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. அப்பா வழி வந்த வீடு என்றால், டீ குடித்துக்கொண்டே, “அண்ணே, உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? அக்கா தங்கச்சியெல்லாம் எங்க கட்டிக் கொடுத்திருக்கு?” என்று கேளுங்கள். யாரும் சந்தேகப்படாத, எல்லோரும் வாய் நிறையப் பதில் சொல்லும் கேள்வி. வந்த எண்ணிக்கையை வாரிசுச் சான்றோடு ஒப்பிடுங்கள். நான்கு பேர் என்று வாயில் வந்து சான்றில் மூன்று பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். “தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அதுக்கு இதுல ஒண்ணும் இல்ல” என்பது சட்டத்தின் முன் செல்லாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலேயே வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. அந்தத் தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

முகத்தையும் ஆதாரையும் பத்திரத்துப் போட்டோவையும் ஒப்பிட மறக்காதீர்கள். ஆள்மாறாட்டம் முகம் தெரியாத இடத்தில்தான் நடக்கும்.

அசல் தொலைந்துவிட்டது என்கிறார்கள்.

போலீஸ் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு, சான்றிட்ட நகல் ஆகிய நான்கும் இல்லாமல் மேலே போகாதீர்கள். தொலைந்ததாகச் சொல்லப்படும் பத்திரம் அடகில் இருப்பதும் உண்டு.

அசல் வங்கியில் இருக்கிறது. கடன் பாக்கி இருக்கிறது.

இது பயப்பட வேண்டிய விஷயமில்லை, மறைத்தால்தான் பயம். வங்கிக்கு இருவரும் சேர்ந்து ஒருமுறை போங்கள். பாக்கித் தொகை எழுதிய கடிதமும், வங்கி வைத்திருக்கும் ஆவணங்களின் பட்டியலும் வாங்குங்கள். உங்கள் பணத்தில் அந்தப் பாக்கியை நேராகக் கடன் கணக்குக்கே கட்டுங்கள், விற்பவர் கையில் அல்ல. முழுவதும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி அசலைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. வங்கி பெயரில் பதிவான உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணத்துக்கு ரசீது ஆவணமும் பதிவாகி இ.சி.யில் வந்தபின் கிரயத் தேதி குறியுங்கள்.

நேரில் பார்க்கும்போது விலையும் பேசலாமா?

வீட்டைப் பார்க்கும் நாளில் வேண்டாம். விவரம் கேட்கும்போது விலையையும் கலந்தால், ஒவ்வொரு கேள்வியும் விலையைக் குறைக்கக் கேட்பதாகத் தோன்றி, விற்பவர் வாயை மூடிக்கொள்வார். பார்த்ததையெல்லாம் வைத்துக்கொண்டு இரண்டாவது சந்திப்பில், புரோக்கரையும் உட்காரவைத்து, ஒரே உட்காரலில் பேசி முடியுங்கள். வாங்குபவர் தன் பட்ஜெட்டையும், கொழுந்தன் வீட்டிலிருந்து வரப்போகும் பணத்தையும் சொல்ல வேண்டாம். விற்பவர் மகள் கல்யாணம் ஆவணியில் என்பதைச் சொல்ல வேண்டாம்.

விற்பவருக்குச் சந்திப்பால் என்ன லாபம்?

இவரிடம் பணம் வருமா என்பது தெரியும். வங்கிக் கடன் ஒப்புதல் கடிதம் இருக்கிறதா, வேறு வீடு விற்ற பிறகுதான் வாங்குவாரா என்று நேராகக் கேட்கலாம். ஆறு மாதம் ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு, இடையில் வேறொருவருக்குக் கைமாற்றிவிடப் பார்ப்பவர் இரண்டு கேள்வியில் பிடிபடுவார்.

ஜாக்கிரதையும் வேண்டும். அசலைக் காட்டலாம், கையை விட்டு அனுப்பக் கூடாது. ஜெராக்ஸின் குறுக்கே “பார்வைக்கு மட்டும்” என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டை, கூட ஓர் ஆள் இல்லாமல் முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டாம். தெரிந்த குறையை மறைக்காதீர்கள். மழைக்கு மாடி ஒழுகும் என்பதை முன்பே சொல்லி எழுதிவிட்டால் அது விலையோடு முடிந்தது. மறைத்தால் வழக்கு வரை இழுக்கும்.

“நீங்க எந்த ஆளுக?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கேட்கத்தான் செய்கிறார்கள். கிரயத்துக்கும் சாதிக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை, பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. “பத்திரத்துல பேரும் ஆதாரும் வரும், அது போதும்ண்ணே” என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். அதையே பிடித்துத் தொங்குகிறவரிடம் வாங்காமல் விடுவதே நிம்மதி.

விற்பவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவரிடம் பவர், அதாவது அதிகாரப் பத்திரம், வாங்கியவர் வருகிறார்.

வீடியோ காலில் உரிமையாளரையே பாருங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன விலைக்கு யாருக்கு விற்கிறார் என்று அவர் வாயால் சொல்லட்டும். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றே முடிந்தது, அதன்பின் போட்ட கையெழுத்து நிற்காது. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியத் தூதரகச் சான்றோடு வந்து, இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்க வேண்டும். பணம் உரிமையாளர் கணக்குக்கே போகட்டும். வெளிநாடுவாழ் விற்பவருக்கு வரிப் பிடித்தம் வேறு கணக்கு, கீழே சொல்லும் 1 சதவீதம் பொருந்தாது. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் எதை எழுத வேண்டும்?

வெற்றிலை பாக்குத் தட்டில் அச்சாரம் வைப்பது நல்ல வழக்கம். தட்டில் 1,001 ரூபாய் வையுங்கள், மீதி வங்கி வழியாகப் போகட்டும். சொத்துக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். அது விற்பவர் தலையில்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாததையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பதிவு செய்தால்தான் இ.சி.யில் ஏறும், இன்னொருவருக்கு விற்க முயன்றால் அவர் கண்ணில் படும். ஆடி, மார்கழியைத் தாண்டித் தேதி குறிக்கும்போது கெடு முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்திப்பில் பேசியது அத்தனையும் இதில் வரட்டும்: ஒத்தித் தொகை, யார் யார் கையெழுத்து, காலி செய்யும் நாள், வீட்டோடு நிற்பவை எவை. மோட்டார், இன்வெர்ட்டர், ஹீட்டர், ஃபேன், மர அலமாரி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஐம்பது லட்சத்து வீட்டில் ஆறு ஃபேனுக்காக முகம் திரும்பிக்கொள்வது சர்வசாதாரணம்.

செலவும் வரியும் யார் கணக்கு?

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழக்கப்படி வாங்குபவர் தருகிறார். 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கணக்கு. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும், 60 லட்சத்தில் 60,000. இதை முன்பே சொல்லாததால் பதிவு நாளில் “அறுபதாயிரம் குறையுதே” என்று சத்தம் வரும். பிடித்த மாத முடிவிலிருந்து 30 நாளுக்குள் கட்டி, சான்றிதழை விற்பவருக்குத் தாருங்கள். விற்பவர் இருவர் என்றால் தனித்தனிப் படிவம். பான் எண்ணைப் பார்த்து எழுதுங்கள், கேட்டு எழுதாதீர்கள். விலையைப் பாதி காட்டிப் பாதி ரொக்கம் என்று யார் ஆரம்பித்தாலும் எழுந்துவிடுங்கள்.

பதிவுக்கு முந்தின நாள் மறுபடி ஏன் போக வேண்டும்?

வீடு காலியா, பட்டியலில் உள்ளவை நிற்கின்றனவா, ஒத்திக்காரர் சாமான் போய்விட்டதா என்று பார்க்க. ஈ.பி. மீட்டர் ரீடிங்கை இருவரும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நடப்பு அரையாண்டு வீட்டு வரி, தண்ணீர் வரி, பாதாளச் சாக்கடைக் கட்டண ரசீதுகளை வாங்கிக்கொள்ளுங்கள். அன்று காலை இ.சி.யை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். பத்திர வரைவை இருவரும் உரக்கப் படியுங்கள், இனிஷியல் பிழை, சர்வே உட்பிரிவு எண் பிழை இங்கேதான் மாட்டும். பதிவான பிறகு அதற்குப் பிழைத்திருத்தப் பத்திரம் போட வேண்டும், அதற்கும் விற்பவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

பதிவு முடிந்ததும் தொடர்பு தேவையா?

சில மாதம் தேவை. உட்பிரிவு உள்ள பட்டா மாற்றத்துக்குச் சர்வேயர் வரும் நாளில் பழைய உரிமையாளர் எல்லையைக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஈ.பி. இணைப்புப் பெயர் மாற்றத்தில், பழைய டெபாசிட் தொகை யாருக்கு என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அவர் பெயருக்கு வரும் தபாலை என்ன செய்வது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போரை யார் போட்டது, எந்த எலக்ட்ரீஷியன் வயரிங் செய்தது, மாடித் தொட்டியின் வால்வு எங்கே என்ற மூன்றையும் சாவி வாங்கும்போதே எழுதி வாங்கிவிட்டால் பாதி போன் அழைப்பு மிச்சம்.